சுவர் காய்கிறதா, இறுகுகிறதா?

வாடகை வீட்டில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் நன்றாகத் தெரியும்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சாவியைக் கையில் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். செலோடேப் ஒட்டலாமா என்றால் அதுவும் கூடாது, பிய்க்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை, திருமழிசை, பூந்தமல்லி என்று இந்தப் பக்கம் முழுக்க இப்படிப்பட்ட வாடகைக் குடித்தனங்கள் ஏராளம். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ கம்பெனி வேலை. பெங்களூரு நெடுஞ்சாலையில் கம்பெனி பஸ் ஏற வசதி என்று இங்கே ஒரு போர்ஷன் எடுத்திருப்பார்கள். சம்பளத்தில் வாடகை போக, மனை வாங்குவதற்கென்று ஒரு தொகை தனியே போய்விடும். மிச்சத்தில்தான் சாப்பாடு, பள்ளிக் கட்டணம் எல்லாம். சுவர் அலங்காரத்துக்குக் காசு கேட்டால் "சொந்த வீடு கட்டினப்புறம் பார்த்துக்கலாம்" என்ற பதில்தான் வரும்.

அம்மா அப்பா சொல்வது நியாயம்தான். ஆனால் உங்கள் பத்தாவது வயது கழியப்போவது இந்த வாடகை வீட்டில். அது திரும்ப வராது. இந்த வீடும் அழகாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுவதும் அதே அளவு நியாயம். இரண்டையும் சேர்த்து நடத்திவிட முடியும். அடுப்படியில் இருக்கும் மைதாவும் வெந்தயமும், பரணில் கிடக்கும் பழைய செய்தித்தாளும் போதும். எதை எங்கே பயன்படுத்துவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கொஞ்சம் வேதியியல் தெரிந்துகொள்வோம்.

பசை, காகிதக் கூழ், களிமண், சுண்ணாம்பு, சிமென்ட் இந்த ஐந்தையும் நினைத்துப் பாருங்கள். ஐந்தும் முதலில் ஈரமாக, சொன்னபடி கேட்கும் பக்குவத்தில் இருக்கும். பிறகு கெட்டியாகிவிடும். எல்லாவற்றையும் பார்த்து "காஞ்சிடுச்சு" என்றுதான் சொல்கிறோம். உண்மையில் இவற்றில் சில மட்டுமே காய்கின்றன. மற்றவை கெட்டியாகும்போது வேறொரு பொருளாகவே மாறிவிடுகின்றன. தண்ணீர் வெளியேறியதால் கெட்டியானது, தண்ணீர் திரும்ப வந்தால் இளகும். வேறு பொருளாக மாறிக் கெட்டியானது, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் பழையபடி ஆகாது. ஆகவே என் கணக்கு இது: வாடகை வீட்டு அலங்காரத்துக்கு இளகக்கூடியதை எடுங்கள், இளகாததைச் சொந்த வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மைதா பசை. சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பக்கெட்டில் கொண்டு வருவார்களே, அதேதான். இரண்டு ஸ்பூன் மைதாவை அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டி இல்லாமல் கரையுங்கள். இப்போது அதில் விரலை விட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது. சும்மா வைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் மாவு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிந்துவிடும். மறுபடி கலக்கி, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறு தீயில் கிளறுங்கள். முதலில் எந்த மாற்றமும் தெரியாது. சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கரண்டி திடீரென்று கனக்கத் தொடங்கும். வெள்ளைக் கரைசல் கண்ணாடித்தன்மை வந்து கொழகொழவென்று ஆகிவிடும்.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது? மாவில் இருக்கும் ஸ்டார்ச், கண்ணுக்குத் தெரியாத சிறு மணிகளாக இருக்கிறது. ஒவ்வொரு மணிக்குள்ளும் நீள நீளமான மூலக்கூறுச் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. பச்சைத் தண்ணீரால் அந்த அடுக்கைக் கலைக்க முடியாது. சூடு ஏறியதும் அடுக்கு தளர்கிறது, தண்ணீர் உள்ளே புகுகிறது, மணி பல மடங்கு ஊதுகிறது. சங்கிலிகள் வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. பசையைக் காகிதத்தில் தடவினால் இந்தச் சங்கிலிகள் காகித நார்களுக்கிடையே நுழைந்துவிடும். தண்ணீர் ஆவியானதும் இறுகப் பிடித்துக்கொள்ளும். காகிதத்தை இது இவ்வளவு விரும்பிப் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. காகிதத்தின் செல்லுலோசும் மாவின் ஸ்டார்ச்சும் ஒரே குளுக்கோஸ் சர்க்கரையைக் கோத்துச் செய்த சங்கிலிகள். கோத்த விதம்தான் வேறு. அந்த ஒரு வித்தியாசத்தால் ஸ்டார்ச் நமக்குச் செரிக்கிறது, செல்லுலோஸ் செரிப்பதில்லை. மாட்டின் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அதையும் செரித்துவிடும். தெருவில் மாடு போஸ்டரைச் சுவரிலிருந்து பிய்த்துத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காகிதமும் பசையும் இரண்டுமே தீனி.

போஸ்டர் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம். நீங்கள் தொட வேண்டாம். தேவையான அளவு மட்டும் காய்ச்சி அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாள் புளித்து நாற்றமடிக்கும்.

இந்தப் பசையால் வண்ணக் காகிதத்தில் வெட்டிய கோலத்தையோ மீனையோ கொக்கையோ சுவரில் ஒட்டலாம். கழுவக்கூடிய பெயின்ட் அடித்த சுவராக இருந்தால் காலி செய்யும் நாளில் ஈரத்துணியைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் சங்கிலிகளுக்கிடையே மறுபடி நுழையும், காகிதம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். முதலில் கதவுக்குப் பின்னால் ஒரு மூலையில் சின்னத் துண்டு ஒட்டி, எடுத்துச் சோதித்துப் பாருங்கள். சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ அடித்த சுவரென்றால் ஈரத்துணி பட்டதும் அதுவே பெயர்ந்து வரும். அங்கே சுவரை விட்டுவிட்டு, அட்டையில் ஒட்டி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதுதான் சரி.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது: வெந்தயக் காகிதக் கூடை. உங்கள் பாட்டிகளிடம் கேளுங்கள், பலருக்குத் தெரிந்திருக்கும். மூங்கில் முறம் வாங்கியதும் அதன் இடுக்குகளை அடைக்க, காகிதத்தையும் வெந்தயத்தையும் ஊறவைத்து அரைத்து மெழுகுவார்கள். தானியம் இடுக்கில் சிக்காது, முறமும் நாள்பட உழைக்கும். அதே கூழைக் குடத்தின் அடியில் அப்பிக் காயவைத்து, கூடையாகவும் செய்துகொள்வார்கள்.

செய்முறையைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழியுங்கள். கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். வெட்டினால் நார் அறுபடும். கிழித்தால் நார் நீளமாக, பிசிறு பிசிறாக வெளியே நிற்கும். அந்தப் பிசிறுதான் நமக்கு வேண்டும். கிழித்ததை ஒரு பாத்திரத்திலும், ஒரு கைப்பிடி வெந்தயத்தை இன்னொரு பாத்திரத்திலும் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் வெந்தயம் ஊதிப் பருத்து, விரலில் வழவழவென்று இருக்கும். அது அதன் தோலுக்கடியில் இருக்கும் ஒருவகைப் பிசின். முதலில் வெந்தயத்தை நைசாக அரைக்கச் சொல்லுங்கள். பிறகு காகிதத்தை ஒட்டப் பிழிந்து, அதோடு சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்க வேண்டும். ஆட்டுக்கல் இருந்தால் கூழ் இன்னும் நன்றாக வரும், மிக்சி நாரை மிகவும் குட்டையாக்கிவிடும். கூழை உருட்டினால் உருண்டை பிளக்காமல் நிற்க வேண்டும், கையிலும் ஒட்டக் கூடாது. அதுதான் பதம்.

ஒரு சொம்பையோ கிண்ணத்தையோ கவிழ்த்து, மேலே பாலித்தீன் உறையைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். கூழை எல்லாப் பக்கமும் ஒரே கனத்தில் அப்புங்கள். சுண்டுவிரல் நகத்தின் அகலத்தில் பாதி கனம் போதும். ஆர்வத்தில் தடிமனாக அப்பினால் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்கும். உள்பக்கம் இன்னும் ஈரமாக இருக்கும். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுருங்குவதால் கூடை கோணிக்கொள்ளும், விரிசலும் விடும். அதனால்தான் சுள்ளென்ற வெயிலில் வைக்காமல் காற்றோட்டமான நிழலில் வைக்கச் சொல்கிறார்கள். பாதி காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து மெல்லக் கழற்றி, உள்பக்கத்துக்கும் காற்று காட்டுங்கள்.

இதைப் பிடித்து நிறுத்துவது எது? காகிதக் கூழில் வெந்தயப் பிசின் மட்டும் பசையல்ல, தண்ணீரே பாதி வேலையைச் செய்கிறது. செல்லுலோஸ் நார்கள் தண்ணீரில் ஊறும்போது மென்மையாகி விலகி மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாக ஆவியாக, மிஞ்சிய தண்ணீரின் பரப்பு இழுவிசை நார்களை ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கிறது. மிக அருகில் வந்ததும் ஒரு நாரின் ஹைட்ரஜனும் அடுத்த நாரின் ஆக்சிஜனும் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. இதற்கு ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். ஒரு பிணைப்பு மட்டும் என்றால் பலவீனமானதுதான். ஆனால் ஒரு விரற்கடை காகிதத்தில் அவை எண்ண முடியாத அளவுக்கு இருக்கின்றன. சீனாவில் சாய் லுன் கி.பி. 105-இல் காகிதம் செய்து அரசரிடம் காட்டினார் என்கிறார்கள். கரூர் மாவட்டம் புகளூரில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை 1984-இலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறது. இரண்டு இடத்திலும் வேலை செய்வது இதே பிணைப்புதான். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகளிலும், கொலுவில் வைக்கும் எடை குறைந்த பெரிய பொம்மைகளிலும் இருப்பது காகிதக் கூழ்.

கூடை நன்றாகக் காய்ந்ததும் விரலால் சுண்டினால் அட்டைப் பெட்டி போன்ற சத்தம் வரும். மேலே வெள்ளைப் பெயின்ட் ஒரு கை, பிறகு பிடித்த வண்ணம். பேனா, ரிப்பன், சாவி, வெங்காயம் எதையும் போட்டு வைக்கலாம். அச்சு மை இருப்பதால் சோறோ பலகாரமோ மட்டும் வேண்டாம். பிடிக்கவில்லையா? பெயின்ட் அடிப்பதற்கு முன் மறுபடி தண்ணீரில் போட்டுவிடுங்கள். கூழாகிவிடும், வேறு உருவம் செய்யலாம். ஒவ்வொரு தடவையும் நார் கொஞ்சம் குட்டையாகும் என்பதால் புதுக் காகிதம் ஒரு பிடி சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போக இடம் இருக்காது. கூடை காய்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். மாசி, பங்குனி நல்ல காலம்.

இனி களிமண். செம்பரம்பாக்கத்தில் இருந்துகொண்டு ஏரியைப் பேசாமல் போக முடியாது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகளில் ஒன்று. மழை வெள்ளம் கரைத்துக் கொண்டுவரும் மண்ணில் கனமானது முதலில் படிந்துவிடும். மிக நுண்ணிய துகள்கள் கடைசிவரை மிதந்து வந்து மெதுவாகப் படியும். ஏரிகளில் வண்டல் சேர்வது இப்படித்தான். இந்த நுண்துகள்களில் பெரும்பகுதி களிமண். ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறு துகள்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியவை. அதோடு அவை தட்டையானவை. இரண்டு தட்டுகளுக்கிடையே தண்ணீர்ப் படலம் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் பிசைந்தால் எந்த உருவத்துக்கும் வளைகிறது. ஏரிக்குள் இறங்கி மண் எடுக்கப் போகாதீர்கள், சேற்றின் ஆழம் மேலே தெரியாது. விநாயகர் சதுர்த்தி சமயத்தில் பிள்ளையார் விற்பவர்களிடமே ஒரு உருண்டை கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அந்த உருண்டையில் இரண்டு அகல் செய்து வெயிலில் காயவையுங்கள். இரண்டும் கெட்டியாகிவிடும், கொஞ்சம் சிறுத்தும் போயிருக்கும். ஒன்றைத் தண்ணீரில் போட்டால் சிறிது நேரத்தில் கரைந்து சேறாகிவிடும். பிள்ளையாரைக் கரைக்கிறோமே, அதே கதைதான். ஆனால் கடையில் வாங்கிய அகலைத் தண்ணீரில் ஒரு வாரம் போட்டாலும் கரையாது. காரணம் சூளை. சூளையில் 500 டிகிரியைத் தாண்டும்போது, களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருக்கும் தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. இன்னும் சூடு ஏறும்போது தட்டுகள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்கின்றன. அதற்குப் பிறகு அது களிமண்ணே இல்லை. வெயிலில் வைத்த அகலில் நடந்தது திரும்பி வரக்கூடிய மாற்றம், சூளையில் வைத்த அகலில் நடந்தது திரும்பி வர முடியாத மாற்றம். ஒரே மண்தான், எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறது. செங்கல்லும் எல்லையைத் தாண்டிய களிமண்தான்.

சுண்ணாம்பில் இது இன்னும் வியப்பானது. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 டிகிரிக்குச் சூளையில் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். 100 கிலோ சுத்தமான கல்லில் 44 கிலோ இப்படிக் காற்றில் போய்விடும். மிஞ்சும் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கும். இதன் பக்கத்தில் பிள்ளைகள் போகவே கூடாது, கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடும். நீர்த்த சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறார்கள். தண்ணீர் ஒரு நாளில் காய்ந்துவிடும். ஆனால் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. சுவரில் இருக்கும் சுண்ணாம்பு, சூளையில் இழந்த கார்பன் டை ஆக்சைடைக் காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் கல்லாகிறது. மெல்லிய பூச்சுக்கு நாட்கள் போதும், கனமான சுவருக்கு வருடங்கள் ஆகும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பில் பட்டாணி அளவை ஒரு டம்ளர் தண்ணீரில் பெரியவரைக் கலக்கச் சொல்லி, இரவு அப்படியே மூடி வையுங்கள். காலையில் மேலே தெளிந்த நீரை இரண்டு தட்டுகளில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஒரு தட்டைத் திறந்து வையுங்கள், இன்னொன்றைக் காற்று புகாமல் இறுக மூடுங்கள். மறுநாள் திறந்த தட்டின் மேல், ஆறிய பாலின் ஆடை போல மெல்லிய வெள்ளைப் படலம் இருக்கும். மூடிய தட்டில் இருக்காது, இருந்தாலும் மிகக் கொஞ்சமாக இருக்கும். நீங்கள் பார்க்கும் படலம் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் முட்டை ஓடும் அதே பொருள். நீங்கள் மூச்சுவிட்ட காற்றும் அதில் கலந்திருக்கும். விரலை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.

சுண்ணாம்பு அடிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அடித்த கையோடு பார்த்தால் பழைய சுவர் அப்படியே தெரியும், "ஒன்றும் ஏறவில்லையே" என்று தோன்றும். காய்ந்ததும் பளீரென்று வெளுக்கும். மாக்கோலமும் இப்படித்தான், போடும்போது மங்கலாக இருந்து அப்புறம் எடுப்பாகத் தெரியும். துகள்களுக்கிடையே தண்ணீர் இருக்கும்வரை ஒளி அதிகம் வளையாமல் உள்ளே போய்விடுகிறது. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று வந்ததும் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி பலமாகச் சிதறித் திரும்புகிறது. எல்லா நிறமும் சமமாகச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது.

கிளிஞ்சல் சுண்ணாம்பை நைசாக அரைத்து, பல அடுக்காகப் பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் கலை சென்னையில் ஒரு காலத்தில் மிகவும் பெயர் பெற்றிருந்தது. சலவைக்கல் போன்ற அந்தச் சுவர்களைப் பார்த்து ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்ப்பார்கள், மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் அந்தப் பளபளப்பைத் தொட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்து மிச்சப்படுத்தும் காசு சிறியதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஒரு சுவர்ப் படம், ஒரு பேனாக் கூடை வாங்காமல் விட்டதால் யாரும் வீடு வாங்கிவிட முடியாது. ஆனாலும் தபால் நிலையத்தில் ஆர்.டி. கணக்கை மாதம் 100 ரூபாயிலேயே தொடங்க முடியும். 60 மாதத்தில் 6,000 ரூபாயும் அதற்கு மேல் வட்டியும் சேரும். புதுச் சுவரில் ஓர் அறைக்கு வண்ணம் வாங்க அது உதவும். உங்கள் பெயரில் அந்த அறை இருக்கும் என்று வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மனையும் அமைந்து வீட்டு வேலையும் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே போய்ப் பார்க்கும்போது உங்களுக்குக் குழப்பம் வரும். கொத்தனார் நேற்றுப் பூசிய சுவரில் இன்று சித்தாள் அக்கா குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டிருப்பார். தூணைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டியிருக்கும். கான்கிரீட் தளம் போட்ட மொட்டை மாடியில் சிமென்ட் கலவையால் வரப்பு எழுப்பி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். காய வேண்டிய சுவருக்கு எதற்காகத் தண்ணீர்?

சிமென்ட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீரைக் குடித்துக் கெட்டியாகிறது. சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,450 டிகிரி அளவுக்குச் சுட்டுப் பொடி செய்ததுதான் சிமென்ட். அதாவது, இதுவரை நாம் பார்த்த இரண்டு பொருள்களும் ஒன்றாகச் சூளைக்குள் போயிருக்கின்றன. அந்தப் பொடியில் தண்ணீர் பட்டதும் புதிய படிகங்கள் முளைக்கத் தொடங்குகின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஊசி ஊசியாகவும் தகடு தகடாகவும் வளர்ந்து, மணலையும் ஜல்லியையும் பின்னிப் பிடித்திருக்கும். இந்தப் படிகங்களுக்குள் தண்ணீர் ஒரு பாகமாகவே சேர்ந்துவிடுகிறது. 100 கிலோ சிமென்ட் முழுதாக இறுக ஏறத்தாழ 23 கிலோ தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். அது மறுபடி வெளியே வருவதில்லை. காற்றே இல்லாமல் நீருக்கடியிலும் சிமென்ட் இறுகும். பாலத் தூண்கள் ஆற்றுக்குள் நிற்பது இதனால்தான்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் போர்ட்லாந்து சிமென்டுக்குக் காப்புரிமை பெற்றார். இந்தியாவில் அதைச் செய்து பார்த்த முதல் முயற்சி நடந்த ஊர் சென்னை. 1904-இல் கடற்சிப்பிகளைப் பயன்படுத்தித் தொடங்கினார்கள். அது நிலைக்கவில்லை. வெற்றிகரமாகத் தொடர்ந்து நடந்தது 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் வந்த ஆலை. மெருகுச் சுவருக்குக் கிளிஞ்சல் சுட்ட ஊரே சிப்பியில் சிமென்டும் செய்து பார்த்தது என்று நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சித்திரை வெயிலில் புதுப் பூச்சை அப்படியே விட்டுவிட்டால், படிகம் வளர்வதற்கு முன்பே தண்ணீர் ஆவியாகிவிடும். வளர்ச்சி பாதியில் நின்றுபோகும். மேலே பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும். விரலால் தேய்த்தால் பொடி உதிரும், மெல்லிய விரிசல்கள் ஓடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இழந்த பலம் முழுதாகத் திரும்பாது. இந்தியத் தரக் கட்டுப்பாட்டு விதி, சாதாரண சிமென்ட் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்கள் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது. சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் 10 நாட்கள். கான்கிரீட்டின் பலத்தை 28-ஆவது நாளில் சோதிப்பது வழக்கம். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் மெதுவாகப் பலம் கூடிக்கொண்டே போகும். வருடக்கணக்கில் சேர்த்த பணத்தில் கட்டுகிற வீட்டுக்கு, அந்தப் பத்து நாள் தண்ணீர்தான் மிக மலிவான பாதுகாப்பு. பள்ளிவிட்டு வந்ததும் "இன்னிக்குத் தண்ணி விட்டாச்சா, மேஸ்திரி மாமா?" என்று கேட்கும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். பாத்தியில் தண்ணீர் வற்றியிருந்தால் சொல்லுங்கள். தளத்தின் ஓரத்துக்குப் போகாமல், பெரியவர் கூட இருக்கும்போது மட்டும்.

அதன் பிறகுதான் உண்மையாகவே காய வேண்டிய கட்டம் வருகிறது. படிகங்களுக்குள் போனது போக மீதித் தண்ணீர் சுவரின் நுண்துளைகளில் நிற்கிறது. அது வெளியேறுவதற்குள் பட்டியும் பெயின்ட்டும் அடித்தால், உள்ளிருந்து தள்ளும் ஈரம் பெயின்ட்டைக் கொப்புளமாக்கும். கரைந்த உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை வீடுகளில் தண்ணீர் வடிந்த பிறகும் சுவர்கள் வெகுநாள் ஓதம் காத்துக்கொண்டிருந்தது இதே துளைகளால்தான். செங்கல்லும் பூச்சும் நுண்துளை வழியே தண்ணீரை மேலே மேலே இழுத்துக்கொள்ளும், விடுவதற்கு மாதங்கள் எடுத்துக்கொள்ளும்.

சுவர் தயாரா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது, நீங்களே செய்யலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். இன்னும் பெயின்ட் அடிக்காத புதுச் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் காற்று புகாதபடி டேப்பால் ஒட்டுங்கள். மாலையில் ஒட்டி மறுநாள் காலை பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர்த்துளிகள் பூத்திருந்தாலோ, அந்தச் சதுரம் மட்டும் கறுத்துத் தெரிந்தாலோ சுவர் இன்னும் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. பெயின்ட்டர் அண்ணனை இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். தரைக்குப் பக்கத்தில் ஒன்று, குளியலறையை ஒட்டிய சுவரில் ஒன்று, வெயில் படாத வடக்குச் சுவரில் ஒன்று என்று ஒட்டிப் பார்த்து, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். எல்லாத் தாளும் ஒரே காலையில் உலர்ந்திருந்தால் வண்ண டப்பாவைத் திறக்கலாம்.